அழிந்தோரை நிறுத்தல்

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு என்பதை நம் இல்லத்துச் சிறாரும் அறிவர். ஐயமின்மை, அவாவின்மை, உவர்ப்பின்மை, மயக்கமின்மை, அறப்பழி மறைத்தல், அழிந்தோரை நிறுத்தல், அளவளாவல், அறத்தை விளக்கல் என்று அவற்றை எண்ணுவர். ஆறாவதாக நிற்கும் அழிந்தோரை நிறுத்தலை வடநூலார் ஸ்திதிகரணம் என்பர். கையொன்று குறைந்தாலும் காலொன்று குறைந்தாலும் உடல் ஊனமுடையதாவது போல, இவ்வெட்டனுள் ஒன்று குறையினும் நற்காட்சி ஊனமுற்றதேயாகும். ஆயினும் நாள்தோறும் ஓதும் விரைவில் இந்த ஆறாம் உறுப்பை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

நன்னெறியினின்று வழுவியவரையும், வழுவும் நிலையில் இருப்பவரையும் அறத்தின்மேலுள்ள அன்பினால் மீண்டும் அந்நெறியில் நிலைபெறச் செய்தல் என்பது இதன் பொருள். நோன்பு தவறியவர், துறவில் தளர்ந்தவர் என்ற அளவிலேயே இதற்குப் பொருள் கொண்டு பழகிவிட்டோம். படைக்கலம் ஏந்திப் பகைவரைக் கொன்று, பின்னர் அப்படைக்கலத்தைக் கீழே வைத்துவிட்டு, ஏருக்கும் வலைக்கும் அடுப்பங்கரைக்கும் திரும்பி வருகின்ற மனிதர் இவ்வுறுப்பினுள் அடங்குவரா? இவ்விதழில் இதனைச் சிந்திக்க விரும்புகிறோம்.

அஹிம்சையைப் பரமதர்மமாகக் கொண்ட நமக்கு இவ்வினா எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என நான்காக வகுத்துள்ளனர். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையைச் சிராவகன் அறவே விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்கவேண்டும். தன்னையும் தன் நாட்டையும் காக்க நேரும் போர் நான்காம் வகையுள் அடங்கும். சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவத்தைப் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சாமுண்டராயர் கங்கநாட்டுப் படைத்தலைவரே அன்றோ? போர்க்களம் கண்ட கைகளே அந்தத் திருப்பணியைச் செய்வித்தன. படைவீரனைக் கண்டு முகம் சுளிப்பது நம் மரபன்று. ஆனால் எல்லாப் படைக்கலமும் தற்காப்புக்காக ஏந்தப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. வஞ்சத்தால் ஏந்தியவரும் உளர். பசியால் ஏந்தியவரும் உளர். பள்ளிப் பருவத்திலேயே பிடித்துச் செல்லப்பட்டு ஏந்த வைக்கப்பட்டவரும் உளர். இவர்கள் அனைவரும் ஒரு நாள் ஊர் திரும்புகின்றனர். அவ்வூரில் நாமும் இருக்கிறோம்.

இவ்வுறுப்புக்கு எடுத்துக்காட்டாக நூல்கள் கூறுவது வாரிஷேண முனிவர் வரலாறு. சிரேணிக மன்னருக்கும் சேலினி மகாதேவிக்கும் பிறந்தவர் அவர். செய்யாத களவுக்காகக் கொலைத்தண்டனை பெற்று, ஓங்கிய வாள் மலர்மாலையான அற்புதத்தால் உயிர் தப்பித் துறவு பூண்டவர். ஒருநாள் அவருக்கு ஆகாரதானம் அளித்த இளம்பருவ நண்பர் புஷ்படாலர், வழியனுப்பும் மரியாதைக்காக உடன் நடந்தார். திரும்பிப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்து நடந்தவர் திரும்பாமலே போய்த் துறவும் பூண்டுவிட்டார். மேனி துறவுக்கோலம் கொண்டது. மனம் மட்டும் வீட்டிலிருந்த மனைவியையே சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கருதிப் பாருங்கள். அத்தனை காலமும் வாரிஷேணர் அவரைத் தம்முடனேயே அழைத்துச் சென்றார். பின்னொரு நாள், பிரிவைப் பாடிய இசையொன்று செவியிற்பட, புஷ்படாலர் இனித் தாங்கமாட்டாதவராய் வீடு நோக்கிப் புறப்பட்டார். வாரிஷேணர் அவரைக் கடியவில்லை. சங்கத்தார் முன் நிறுத்திக் குற்றஞ்சாட்டவும் இல்லை. இராஜகிருஹத்து அரண்மனைக்கே அழைத்துச் சென்றார். மகன் துறவில் தளர்ந்து வந்தானோ என்று ஐயுற்ற சேலினி இரண்டு ஆசனங்கள் இடச்செய்தாள். ஒன்று போகத்துக்குரியது, மற்றொன்று துறவோர்க்குரியது. வாரிஷேணர் துறவோர் ஆசனத்தில் அமர்ந்து, தாம் முன்பு மணந்த தேவியரை அணிகலன்களோடு வரவழைக்குமாறு தாயிடம் கூறினார். வந்து நின்ற அவர்களையும் தம் இளவரசுச் செல்வத்தையும் காட்டி, வேண்டுமாயின் ஏற்றுக்கொள்க என்று நண்பரிடம் சொன்னார். அவ்வளவையும் ஒருவர் துறந்துவிட்டுத் தம்மோடு பன்னிரண்டு ஆண்டுகள் நடந்திருக்கிறார் என்பது அப்பொழுதுதான் புஷ்படாலருக்கு விளங்கிற்று. அன்றுதான் அவர் உண்மையில் துறவியானார். (புஷ்படாலரின் மனைவிக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் எவ்வாறு கழிந்தன என்பதை நூல்கள் விரித்துரைக்கவில்லை. பெண்ணாய்ப் பிறந்த நமக்கு அது ஒரு குறையாகவே படும்.)

துறவுக்கோலம் பூண ஒரு பொழுது போதும். அதில் நிலைபெறப் பன்னிரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அருகிருந்து நடக்க ஒரு துணையும் தேவைப்பட்டது. படைக்கலம் துறத்தலும் இத்தகையதே என்பது நம் கருத்து. கீழே வைக்கச் செய்வது அரசின் செயல். வைத்தவரை நிறுத்துவது அவர் வாழப்போகும் தெருவின் செயல். நம் காலத்து நிகழ்ச்சிகள் இதனை நன்கு புலப்படுத்துகின்றன.

முதலில் நம் ஊர்ப்பக்கம் வருவோம். நாம் வாழும் வீராம்பட்டினத்தை அடுத்துள்ள அரிக்கமேட்டின் பெயர் அருகன்மேடு என்பதன் திரிபு என்று கூறும் அறிஞர் உண்டு. மாற்றுக் கருத்தினரும் உண்டு. அந்த வழக்குக்குள் இப்போது புகவேண்டா. புதுச்சேரி பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்தமையால் இங்கிருந்து பலர் அந்நாட்டுப் படையில் சேர்ந்து, முதல் உலகப்போரிலும் பின்னர் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போரிட்டனர். திரும்பி வந்தவர்களைப் புதுவை மக்கள் ‘சொல்தா’ என்றே அழைத்தனர். 1954இல் ஆட்சி மாறிய பின்னும் அவர்களுக்குப் பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் வந்தது. உயிர் நீத்தவர்க்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் உண்டு. ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கப்படுகிறது. சொல்தா வீடு என்றால் தெருவில் ஒரு மதிப்பும் இருந்தது.

அவ்வாறு வந்த முதியவர் ஒருவரை நாம் அறிவோம். நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனின் பாட்டனார். பகலெல்லாம் திண்ணையில் அமர்ந்து கலகலப்பாகப் பேசுவார். தீபாவளி வந்தால் வெடிச்சத்தம் கேட்டு நடுங்கி உள்ளறையில் போய் ஒடுங்கிவிடுவார். அத்தெருவினர் இதுபற்றிக் கூட்டம் போட்டுப் பேசவில்லை. தீர்மானம் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளை மட்டும், வெடியைக் கடற்கரைப்பக்கம் போய்க் கொளுத்துங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அவர் மறையும்வரை அவ்வழக்கம் தொடர்ந்தது. அங்குள்ளோர் நம் சமயத்தவர் அல்லர். ஸ்திதிகரணம் என்ற சொல்லைக் கேட்டவரும் அல்லர். ஆயினும் அதனை அவர்கள் செய்தார்கள்.

ஓய்வூதியமும் நினைவுச்சின்னமும் அரசின் படைவீரருக்கு உண்டு. அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்தித் தோற்றவருக்கு இவற்றுள் எதுவுமில்லை. அவருக்குத் தெரு ஒன்றே எஞ்சுகிறது.

நம் கடற்கரைக்குத் தெற்கே, இதே கடல் சூழ்ந்த இலங்கையில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1987 ஜூலை 29ஆம் நாள் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். போர் நிறுத்தப்பட்டு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் இயக்கத்தினர் ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டும் என்பது அதிலொரு விதி. ஆகஸ்டு 4ஆம் நாள் சுதுமலையில் பிரபாகரன் மக்கள் முன் பேசினார். மறுநாள் பலாலியில் ஆயுதக் கையளிப்புச் சடங்கு நிகழ்ந்தது. அக்டோபரில் மீண்டும் போர் மூண்டது. எழுபத்திரண்டு மணி நேரத்தில் இரும்பைக் கையினின்று பிரிக்கலாம். அச்சத்தையும் ஐயத்தையும் பிரித்தல் இயலாது. இதற்கு மேல் அந்த ஒப்பந்தத்தின் அரசியலை ஆராய்வது நம் வேலையன்று.

2009 மே மாதத்தில் அப்போர் பேரழிவுடன் முடிவுற்றது. சரணடைந்தும் பிடிபட்டும் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் முன்னாள் போராளிகள் அரசின் பொறுப்பில் வந்தனர். அவருள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். 594 பேர் பதினெட்டு அகவை நிரம்பாத சிறார். புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் கீழ் நிலையங்கள் அமைக்கப்பட்டு, தையல், தச்சு, மின்பணி, கணினி, மொழி முதலியன கற்பிக்கப்பட்டன. சிறார்களை முதலில் பிரித்து, படிப்பு அளித்து, ஓராண்டுக்குள் பெற்றோரிடம் சேர்த்தனர். இது நற்செயலே. அதே வேளையில், வழக்கும் தீர்ப்புமின்றி மனிதரை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தல் புனர்வாழ்வு ஆகுமா என்று பன்னாட்டு அமைப்புகள் எழுப்பிய வினாவும் நியாயமானதே. இரண்டையும் ஒருங்கே நோக்குவதுதான் நம் அநேகாந்த நெறிக்கு ஒத்தது.

பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டனர். கடினமான பகுதி அதன்பின் தொடங்கிற்று. படையினரும் புலனாய்வினரும் வீடு தேடி வந்து விசாரித்தனர். அவர் வந்துபோகும் வீட்டோடு உறவாட அயலார் அஞ்சினர். வேலை தர முதலாளிகள் தயங்கினர். காலோ கையோ இழந்தவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பெண்கள் நிலையோ சொல்லுந்தரமன்று. களத்தில் கத்தரித்த குட்டைமுடியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. துப்பாக்கி ஏந்திய பெண் என்று சொல்லி மணம் பேசத் தயங்கியவர்கள், முன்பு அவர்களைக் கண்டு பெருமிதம் கொண்ட அதே சமூகத்தார். வெற்றிக்காலத்தில் வீராங்கனை, தோல்விக்குப் பின் வீட்டுக்கு வரக்கூடாதவள். இவ்விரண்டு பார்வையிலும் அவள் மனிதப்பிறவியாகக் காணப்படவில்லை.

புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குத் தலைமை தாங்கிய தமிழினி என்னும் சிவகாமியின் வரலாற்றைப் பலர் அறிந்திருப்பீர்கள். 2009இல் காவலில் வைக்கப்பட்டு, சிறையிலும் பின்பு வவுனியாப் பூந்தோட்டம் புனர்வாழ்வு நிலையத்திலும் இருந்து, 2013இல் விடுதலை பெற்றார். விடுதலைக்குப் பின் அவருக்குக் கிடைத்தவை இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவு. 2015 அக்டோபரில் புற்றுநோயால் மறைந்தார். அவ்விடைக்காலத்தில் எழுதிய தன்வரலாறு ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ என்ற பெயரில் 2016இல் வெளிவந்தது. தாம் நம்பிச் சென்ற வழியையும், அதில் தம் பங்கையும் அவர் அந்நூலில் தாமே வினாவுக்கு உட்படுத்தினார். அதற்காக ஒரு சாராரின் வசையையும் பெற்றார். நம் சமயத்தில் ஆலோசனை என்றொரு தவம் உண்டு. தான் செய்ததைத் தானே எடுத்துரைத்தல். குருவின் முன் செய்வதே கடினம். ஊரார் முன் செய்தவரை இகழ்ந்தால் அடுத்தவர் வாய் திறப்பாரா?

இனி, ஓரளவு நன்கு நடந்த ஒன்றைக் காண்போம். மத்தியப் பிரதேசத்தின் சம்பல் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகக் கொள்ளைக் கூட்டங்கள் இருந்தன. 1960இல் விநோபா அங்கே பாதயாத்திரையாகச் சென்றபோது இருபதின்மர் அவர்முன் ஆயுதம் வைத்தனர். 1971இல் மாதோசிங் என்னும் கொள்ளைத்தலைவன், ராம்சிங் என்ற ஒப்பந்தக்காரன் போல் நடித்துப் பாட்னாவில் ஜெயப்பிரகாஷ் நாராயணைச் சென்று கண்டான். முதலில் மறுத்தவர் பின்னர் இசைந்தார். 1972 ஏப்ரல் 14ஆம் நாள், ஜௌராவில் காந்தியடிகள் திருவுருவப்படத்தின் முன் மோகர்சிங்கும் மாதோசிங்கும் தம் கூட்டத்தாரோடு துப்பாக்கிகளை வைத்தனர். அவரைத் தொடர்ந்து பலர் வந்தனர்.

அங்கே செய்யப்பட்ட ஏற்பாடு கருதத்தக்கது. தூக்குத்தண்டனை இல்லை என்ற உறுதி பெறப்பட்டது. ஆனால் சிறை உண்டு. பலர் நீதிமன்றத்தில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை ஏற்றனர். முங்காவலியில் திறந்தவெளிச் சிறை அமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் பிழைக்க நிலமும், பிள்ளைகளுக்குப் படிப்பும் ஏற்பாடாயின. அனைத்தினும் மேலாக, அப்பணிக்காக வந்த சுப்பாராவ் ஜௌராவிலேயே ஆசிரமம் அமைத்து அந்த மண்ணோடு பிணைந்துவிட்டார். 2021இல் தொண்ணூறு கடந்து மறைந்தார். வாரிஷேணர் நடந்தது பன்னிரண்டு ஆண்டு. இவர் நடந்தது அரை நூற்றாண்டு. மோகர்சிங் எட்டாண்டு சிறையிருந்து வெளிவந்து, பிற்காலத்தில் மேஹ்கான் நகரப் பஞ்சாயத்தின் தலைவராக அவ்வூராராலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு, 2020இல் முதுமையில் மறைந்தார்.

இங்கே ஒரு தடை எழும், எழவேண்டியதே. கொல்லப்பட்டவரின் தாய்க்கு என்ன விடை? கொன்றவனுக்கு நிலம் கொடுத்தீர்கள், தையல் இயந்திரம் கொடுத்தீர்கள், என் மகனை யார் கொடுப்பார் என்று அவள் கேட்டால் எந்தச் சொற்பொழிவாளரும் தலைகுனியவே நேரும். அறப்பழி மறைத்தல் என்ற ஐந்தாம் உறுப்பைக் காட்டி, நடந்ததை மூடிவிடலாம் என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. ஜினேந்திரபக்தர் என்னும் வணிகர், துறவு வேடத்தில் வந்து மணியைக் கவர்ந்தவனைக் காவலர்முன் காட்டிக்கொடாது காத்தது அறத்துக்குப் பழி நேராமைக்காக. தனியே அழைத்து அவனைக் கண்டித்து விலக்கவும் அவர் தவறவில்லை. ஒருவனது பழைய வாழ்வைச் சந்தையில் கூவாதிருத்தல் வேறு. இறந்தவர் கணக்கை அழித்துவிடுதல் வேறு. வினை தன் பயனை ஊட்டியே கழியும் என்னும் நம் கொள்கை, உண்மையை மறைப்பதற்கு எவ்விடத்திலும் இசைவு தரவில்லை. அந்தத் தாய்க்கு உண்மை உரியது. அவள் மன்னிக்கவேண்டும் என்று அவளுக்குக் கட்டளையிட நமக்கு உரிமையில்லை.

ஆயினும் பகைத்தோர் ஒருவரையொருவர் அணுகும்போது என்ன நிகழும் என்பதை ஸ்ரீபுராணம் நமக்குக் காட்டியிருக்கிறது. பரதருக்கும் பாகுபலிக்கும் போர் மூளவிருந்தபோது, உடன்பிறந்தார் இருவர் பூசலுக்காக இருபெரும் படைகள் மடியவேண்டா என்று அமைச்சர்கள் தடுத்தனர். பார்வைப்போர், நீர்ப்போர், மற்போர் என மூன்றும் அவ்விருவரிடையே மட்டும் நிகழ்ந்தன. படைவீரர் அனைவரும் ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் தத்தம் மனைவி மக்களிடம் திரும்பினர். மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற அக்கணத்திலேயே அனைத்தையும் துறந்து கானகம் சென்றார். ஓராண்டு அசையாது நின்றார். கொடிகள் மேனியில் படர்ந்தன. காலடியில் புற்று எழுந்தது. அத்தனை தவத்துக்குப் பின்னும் கேவலஞானம் தோன்றவில்லை. என்னால் என் தமையன் நொந்தானே என்னும் நினைவு ஒரு முள்ளாக உள்ளே தங்கியிருந்தது. இதனையே நம் நூல்கள் சல்லியம் என்கின்றன. சல்லியம் உள்ளவரை விரதம் விரதமாவதில்லை. அந்த முள்ளை அவர் தாமே களைந்துகொள்ள இயலவில்லை. தோற்ற பரதர் நேரில் வந்து, அடிபணிந்து வழிபட்டபோதுதான் அது நீங்கிற்று.

வந்தவர் யார் என்பதை நோக்குங்கள். ஆயுதம் துறந்தவர் பரதரைத் தேடிச் செல்லவில்லை. ஊரில் இருந்தவர், புண்பட்டவர், ஆள்பவர் அவரைத் தேடி வந்தார். நாமோ, திரும்பி வந்தவனே வந்து நம் வாசலில் நிற்கட்டும் என்று காத்திருக்கிறோம்.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கவும் இயலாது. 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலை பற்றிய பூசலால் நம் வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் கடலிலும் கரையிலும் மோதிக்கொள்ள, காவலர் வானை நோக்கிச் சுட நேர்ந்தது. ஒரே கடலில் மீன்பிடித்து, ஒரே புயலில் படகிழப்பவர்கள் அவர்கள். இங்கே ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்தில் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பவர் துணைநிலை ஆளுநர்; பிரெஞ்சியர் காலத்தில் பிரெஞ்சு ஆளுநர் செய்த வழக்கம் அது. வடம் தொட்டபின் ஆளுநர் சென்றுவிடுவார். வெயிலிலும் மணலிலும் இழுத்துத் தேரை நிலையில் கொண்டுவந்து சேர்ப்பவர் ஊரார்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சிறியனவே. கடையில் ஆள் வேண்டியிருக்கும்போது, சிறையிலிருந்தும் முகாமிலிருந்தும் வந்தவர் என்ற ஒன்றையே காரணமாக்கி மறுக்காதிருக்கலாம். தசலக்ஷண பர்வத்தின் முடிவில் நாம் பொறுத்தல் வேண்டிப் பணியும்போது, உறவினர் வட்டத்துக்கு வெளியேயும் ஒரு வாசலுக்குச் செல்லலாம். அவ்வில்லத்துப் பெண்மக்களோடு நம் பெண்மக்கள் பேசட்டும். களத்துக் கதைகளைக் கிளறிக் கேளாமல், அவர்களே சொன்னால் செவிகொடுக்கட்டும்.

ஆசிரியப் பயிற்சி பெறவந்த இளைஞர்களுக்கு நாம் முதல் வாரத்திலேயே ஒன்று சொல்லுவது வழக்கம். சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பும்போது வகுப்பின் நடுவில் பிள்ளையை எழுப்பி உரக்கக் கேளாதீர்கள். மேசையருகே அழையுங்கள், தாழ்ந்த குரலில் கேளுங்கள், விடை வராவிட்டால் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.